கூலி கேட்ட வீராங்கனை

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

விளையாட்டு என்பது பொழுதுபோக்கா, உழைப்பா? இந்த வினா எங்கள் வீட்டில் அடிக்கடி எழும். நான் கல்லூரிப் பூப்பந்து அணியில் ஆடுகிறேன். மாலையில் ஆட்டம் முடிந்து, வியர்வை வழிய வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், விளையாட்டு சோறு போடுமா என்று என் அப்பத்தா கேட்பார். விடை தெரியாமல் நான் கை கால் கழுவப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு ஓர் ஊரில் நடந்த போட்டிக்குச் சென்றிருந்தோம். பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. நாங்கள் வென்றோம். பளபளக்கும் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஆனால் ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணத்தை நாங்களே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுக் கொண்டோம். மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு வந்த அந்த இரவில், அப்பத்தாவின் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு கல்லூரி நூலகத்தில் விளையாட்டு வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வியை உலகத்தின் முன் துணிந்து வைத்த ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவர்தான் பிரான்சு நாட்டு டென்னிஸ் வீராங்கனை சூசன் லெங்லென்.

தந்தையின் பள்ளி

1899-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பாரிஸ் நகரில் சூசன் பிறந்தார். தந்தை சார்லஸ் லெங்லென் வசதி படைத்தவர். குதிரை பூட்டிய பயணி வண்டிகளை ஓட்டும் நிறுவனம் அவர் குடும்பத்திற்கு உரிமையாக இருந்தது. கோடைக் காலத்தை வடக்கே கொம்பியேன் நகரை அடுத்த சிற்றூரிலும், குளிர்காலத்தைத் தெற்கே கடற்கரை நகரான நீஸிலும் கழிப்பது அக்குடும்பத்தின் வழக்கம். நீஸில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரிலேயே டென்னிஸ் கழகம் இருந்தது.

சிறுமி சூசனுக்கு மூச்சிரைப்பு நோய். திறந்தவெளியில் ஓடியாடினால் உடல் தேறும் என்றெண்ணிய தந்தை, 1910-இல் மகளுக்கு ஒரு மட்டையை வாங்கிக் கொடுத்தார். நோய்க்கு மருந்தாகத் தொடங்கிய விளையாட்டு, சில மாதங்களிலேயே வாழ்க்கையாக மாறிவிட்டது. மகளின் கையில் தனித்திறன் இருப்பதைக் கண்ட சார்லஸ், அவருக்குத் தாமே ஆசானானார். ஆடுகளத்தின் ஒரு மூலையில் கைக்குட்டையை விரித்து வைத்து, பந்து அதன்மேல் விழும்வரை அடிக்கச் சொல்வார். பின்னர் அந்தக் கைக்குட்டையையே மடித்து மடித்துச் சிறிதாக்குவார். பெண்கள் ஆடும் முறையைப் பார்த்துப் பழகாமல், ஆண்கள் ஆடும் முறையைப் பார்த்துப் பழகச் செய்தார். ஆண்களோடு மோதவும் விட்டார்.

இப்பயிற்சியில் அன்பும் இருந்தது, கடுமையும் இருந்தது. சரியாக ஆடாத நாளில் ரொட்டிக்குத் தடவிக் கொள்ள ஜாம் கிடைக்காது என்று கூறுவர். பிற்காலத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே ஆடும்போதும், சூசனின் கண்கள் தந்தையும் தாயும் அமர்ந்திருக்கும் இடத்தையே தேடின. வெற்றி பெற்றேயாக வேண்டும் என்ற அச்சம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1914-இல், பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே, பிரெஞ்சுப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்து மார்கெரித் புரோக்கடியிடம் தோற்றார். அதே ஆண்டில் பாரிசை அடுத்த செயின்ட் கிளவுடில் நடந்த உலகக் கடினத்தரைப் போட்டியில் வாகை சூடினார். பதினைந்து வயதுச் சிறுமி பன்னாட்டுப் பட்டம் பெற்றாள் என்ற செய்தி பரவுவதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. நான்காண்டுகள் போட்டிகள் இல்லை. நீஸில் பயிற்சி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

விம்பிள்டன் கண்ட புதுமை

போர் ஓய்ந்தது. 1919-இல் இருபது வயதுச் சூசன் முதன்முறையாக விம்பிள்டனுக்கு வந்தார். புல்தரையில் அதற்குமுன் அவர் போட்டி ஆடியதில்லை. ஆயினும் ஒவ்வொருவராக வென்று, இறுதியில் டொரதியா லாம்பர்ட் சேம்பர்ஸை எதிர்கொண்டார். சேம்பர்ஸுக்கு அப்போது நாற்பது வயது. ஏழு முறை விம்பிள்டன் பட்டம் வென்ற பெருமாட்டி அவர். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்வையாளர் வரிசையில் இருந்தனர்.

சேம்பர்ஸ் நீண்ட பாவாடையும் மணிக்கட்டுவரை கையுள்ள சட்டையும் அணிந்திருந்தார். சூசனோ இடுப்பை இறுக்கும் கச்சை இல்லாமல், கெண்டைக்கால் அளவே நீண்ட மெல்லிய உடையில் வந்தார். கைகள் திறந்திருந்தன. இதைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் பலர். ஆனால் பந்தை நோக்கி அவர் பாய்ந்த பாய்ச்சலைக் கண்டதும், அந்த உடையின் பொருள் விளங்கிற்று. ஓடவும் தாவவும் வேண்டிய பெண்ணுக்கு உடல் கட்டுண்டு கிடக்கலாகாது என்பதே அதன் பொருள்.

முதல் செட்டை 10-8 எனச் சூசன் வென்றார். இரண்டாவதை 6-4 எனச் சேம்பர்ஸ் வென்றார். மூன்றாவது செட்டில் சூசன் முந்திச் செல்ல, சேம்பர்ஸ் விடாது துரத்திப் பிடித்தார். இளையவர் களைத்துப் போனார். அரங்கிலிருந்து தந்தை, பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டிகளை மகளுக்கு அனுப்பினார். ஒரு கட்டத்தில் சேம்பர்ஸ் 6-5 என முன்னணியில் நின்றார். இன்னும் ஒரு புள்ளி பெற்றால் பட்டம் அவருக்கே. அந்த வாய்ப்பு இருமுறை வந்தது. இருமுறையும் சூசன் தப்பினார். அவற்றுள் ஒருமுறை பந்து மட்டையின் மரச்சட்டத்தில் பட்டு, வலைக்கு மேலாகத் தட்டுத் தடுமாறி மறுபக்கம் விழுந்தது. முடிவில் 9-7 என்று வென்று பட்டம் சூடினார். அந்த ஒரு போட்டியில் மட்டும் 44 கேம்கள் ஆடப்பட்டன.

அன்று முதல் ஐந்தாண்டுகள், 1923 வரை, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் அவர் கையைவிட்டு நீங்கவில்லை. எலிசபெத் ரையனோடு சேர்ந்து அதே ஐந்தாண்டுகளும் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும் கலப்பு இரட்டையரிலும் தங்கம், பெண்கள் இரட்டையரில் வெண்கலம் பெற்றார். ஒற்றையர் ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து எதிராளிகளுக்கு அவர் விட்டுக்கொடுத்தவை நான்கே நான்கு கேம்கள்!

அவரைக் காண மக்கள் திரண்டனர். பழைய விம்பிள்டன் மைதானம் அக்கூட்டத்தைத் தாங்கவில்லை. 1922-இல் விம்பிள்டன் போட்டி, இன்றும் அது நடைபெறும் பெரிய அரங்குக்கு மாறியதற்குச் சூசனின் புகழும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பாரிஸின் உடைக் கலைஞர் ஜான் பத்தூ தைத்த உடைகளும், தலையைச் சுற்றி அவர் கட்டிய பட்டுத்துணியும் ஐரோப்பியப் பெண்களிடையே புது நாகரிகமாயின.

ஒரே ஒரு தோல்வி

1919 முதல் 1926 வரை ஒற்றையர் ஆட்டத்தில் அவர் கண்ட தோல்வி ஒன்றே ஒன்று. 1921-இல் போரால் சீரழிந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டும் நோக்கத்தோடு அமெரிக்கா சென்றார். கடற்பயணத்தால் உடல் நலிந்திருந்தது. போதிய ஓய்வுமின்றி, தொடக்கத்திலேயே அமெரிக்க சாம்பியன் மொல்லா மல்லோரியை எதிர்கொள்ள நேர்ந்தது. முதல் செட்டை 2-6 என இழந்தார். இரண்டாவது செட் தொடங்கியதும் இருமல் தாளாமல் அழுதுகொண்டே ஆட்டத்தைக் கைவிட்டார். தோல்விக்கு அஞ்சி நடிக்கிறார் என்று கூட்டம் சீறியது. இதழ்களும் ஏசின. மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மல்லோரியை 6-2, 6-0 என வீழ்த்தினார். அதற்கு அவருக்கு 26 நிமிடங்களே தேவைப்பட்டன.

ஆயினும் அவர் உடல் வலிமை மிக்கது அன்று. 1924-இல் மஞ்சள் காமாலை அவரை வாட்டியது. விம்பிள்டனில் அரையிறுதிக்கு முன் விலகினார். பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆட இயலவில்லை. 1925-இல் மீண்டெழுந்து, விம்பிள்டன் ஒற்றையரில் மொத்தம் ஐந்து கேம்களை மட்டுமே இழந்து ஆறாவது முறையாகப் பட்டம் வென்றார்.

பணம் யாருக்கு?

இவ்வளவு பெரிய வீராங்கனைக்கு எவ்வளவு ஊதியம் கிடைத்திருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? ஒன்றுமில்லை! அக்காலத்தில் விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள் மட்டுமே ஆடலாம். அமெச்சூர் என்றால் பணம் பெறாமல், விளையாட்டின்மீது கொண்ட பற்றினால் மட்டுமே ஆடுபவர். கேட்பதற்கு இனிமையான கொள்கைதான். ஆனால் நுழைவுச் சீட்டுகள் பணத்திற்குத்தான் விற்கப்பட்டன. அந்தப் பணம் கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் போயிற்று. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலர் பயணச் செலவு, பரிசுப் பொருள் என்ற பெயரில் மறைவாகப் பணம் பெற்றனர் என்பதும் ஊரறிந்த இரகசியமாக இருந்தது.

1926 பிப்ரவரி 16-ஆம் நாள் கான் நகரில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இளம் வீராங்கனை, இருபது வயது ஹெலன் வில்ஸ், சூசனோடு மோத வந்திருந்தார். உலகெங்குமிருந்து செய்தியாளர்கள் குவிந்தனர். நுழைவுச் சீட்டுகள் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. சீட்டுக் கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் மரக்கிளைகளிலும் ஏறி அமர்ந்தனர். முதல் செட்டைச் சூசன் 6-3 என வென்றார். இரண்டாவதில் வெற்றிப் புள்ளியும் பெற்றுவிட்டதாக எண்ணி இருவரும் கை குலுக்கினர். அப்போது கோட்டு நடுவர் வந்து, பந்து வெளியே விழுந்ததாகக் கத்தியது தாமல்லர், பார்வையாளர் ஒருவர் என்றார். மறுபடியும் ஆட்டம் தொடர்ந்தது. மனம் தளராமல் போராடி 8-6 என வென்றார் சூசன். வென்றபின் சோர்ந்து அமர்ந்து அழுதார். அன்று பலர் பொருள் ஈட்டினர். வியர்வை சிந்திய இருவருக்கும் அதில் சட்டப்படி ஒரு காசும் உரிமையில்லை.

இந்தப் பகுதியைப் படித்தபோது எங்கள் பேருந்துப் பயணம் என் கண்முன் வந்து நின்றது. கான் நகருக்கும் எங்கள் ஊர்ப் போட்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாதுதான். ஆயினும் கணக்கு ஒன்றாகவே இருந்தது.

விம்பிள்டனைத் துறந்த ஆண்டு

1926-இல் விம்பிள்டன் தன் பொன்விழாவைக் கொண்டாடியது. ஒருநாள் சூசனுக்கு ஒற்றையர் ஆட்டமும் இரட்டையர் ஆட்டமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. நேரம் பற்றிய குழப்பத்தால் அவர் தாமதமாக வந்தார். அவரைக் காண அரசி மேரி அரங்கில் காத்திருந்தார் என்பது பெருங்குற்றமாகிவிட்டது. அதிகாரிகள் கடிந்துகொண்டனர். சூசன் மனமுடைந்தார். அரசியை அவமதித்தவர் என்று இதழ்கள் எழுதின. ஏழாண்டுகளாகக் கைதட்டிய கூட்டம் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் போட்டியிலிருந்து விலகினார். மீண்டும் அந்த அரங்கில் அவர் ஆடவேயில்லை.

அடுத்த சில வாரங்களிலேயே டென்னிஸ் உலகம் அதிர்ந்தது. அமெரிக்காவின் போட்டி ஏற்பாட்டாளர் சி.சி.பைல் என்பவரோடு 50,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, சூசன் தொழில்முறை ஆட்டக்காரரானார். முன்னணி டென்னிஸ் வீரர்களுள் இவ்வாறு வெளிப்படையாகச் செய்த முதல்வர் அவரே எனலாம். ஆண்கள் தயங்கி நின்ற இடத்தில் ஒரு பெண் அடியெடுத்து வைத்தார்!

அமெச்சூர் சங்கங்கள் வெகுண்டன. பணத்திற்காக விளையாட்டை விற்றுவிட்டார் என்று பழித்தனர். சூசன் தம் தரப்பைத் தெளிவாக எடுத்துரைத்தார். அதன் சாரம் இதுதான்: பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஆட்டத்துக்காகவே உழைத்தேன். என் ஆட்டத்தால் பிறர் பெரும்பொருள் ஈட்டினர். எனக்கோ எதுவும் இல்லை. வேறெந்தத் தொழிலிலும் உழைப்பவர் கூலி பெறுவது இயல்பாயிருக்க, விளையாட்டில் மட்டும் அது எப்படி இழிவாகும்? பணம் பெறக் கூடாது என்ற விதி நிலைத்தால், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பெரும்போட்டிகளில் ஆட முடியும்.

சூசன் ஏழை வீட்டுப் பெண் அல்லர். முன்கோபக்காரர் என்றும், தம் விருப்பப்படியே எல்லாம் நடக்க வேண்டும் என்பவர் என்றும் அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. அவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வியின் நேர்மை அதனால் குறைந்துவிடாது.

1926 அக்டோபர் 9-ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஏறத்தாழ 13,000 பேர் முன்னிலையில் தொழில்முறைச் சுற்றுப்பயணம் தொடங்கியது. எதிராளி, முன்னாள் அமெரிக்க சாம்பியன் மேரி பிரௌன். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று இரயிலில் பயணம். கூடத்தில் தரைவிரிப்பை விரித்து அதன்மேல் ஆட்டம். நான்கு மாத காலத்தில் இருவரும் மோதிய 38 ஆட்டங்களிலும் சூசனே வென்றார். 1927-இல் பிரிட்டனிலும் சில ஆட்டங்கள் ஆடினார். ஆனால் அவரோடு மோதத் தகுந்த வீராங்கனைகள் வேறெவரும் அமெச்சூர் வேலியைத் தாண்டி வரவில்லை. போட்டியாளர் இல்லாத விளையாட்டு எத்தனை நாள் நீடிக்கும்? தொழில்முறை ஆட்டம் அத்துடன் ஓய்ந்தது. திரும்பிச் செல்லவும் வழியில்லை. விம்பிள்டன் உள்ளிட்ட பெரும்போட்டிகளின் கதவுகள் அவருக்குச் சாத்தப்பட்டுவிட்டன. இருபத்தெட்டு வயதில் அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்தது. கேள்வி கேட்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

இறுதி நாள்களும் பின்னர் வந்த நீதியும்

பின்னர் பாரிஸில் டென்னிஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சிறுவர் சிறுமியருக்குக் கற்றுக்கொடுத்தார். தந்தையிடம் தாம் கற்ற கலையை அடுத்த தலைமுறைக்கு வழங்கினார். ஆனால் நோய் அவரை வாழவிடவில்லை. கொடிய இரத்தச்சோகை நோயால் 1938 ஜூலை 4-ஆம் நாள் பாரிஸில் காலமானார். வயது 39. அதற்கு இரண்டு நாள் முன்புதான், கான் நகரில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ் தம் எட்டாவது விம்பிள்டன் பட்டத்தை வென்றிருந்தார்.

சூசன் மறைந்து முப்பதாண்டுகள் சென்றபின், 1968-இல் விம்பிள்டன் தன் கதவைத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்தது; பரிசுப் பணமும் வழங்கியது. அவ்வாண்டு ஆண்கள் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன்! ஒரு கதவு திறந்ததும் அடுத்த கதவு தெரிந்தது. பில்லி ஜீன் கிங்கும் தோழியரும் அதையும் தட்டினர். 1973-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி இருபாலர்க்கும் சமப் பரிசு தந்தது. விம்பிள்டன் அந்நிலைக்கு வர 2007 ஆயிற்று. பாரிஸில் பிரெஞ்சுப் போட்டி நடைபெறும் ரோலண்ட் கரோசில் இரண்டாவது பெரிய ஆடுகளம் 1997 முதல் சூசன் லெங்லென் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண்கள் ஒற்றையர் சாம்பியன் பெறும் கோப்பையும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தோழர்களே, தோழியரே! கோப்பைக்குப் பெயர் சூட்டுவது எளிது. உயிரோடு இருக்கும்போது உழைப்புக்கு மதிப்புத் தருவதே அரிது. விளையாட்டு சோறு போடத்தான் செய்கிறது; அது யாருடைய இலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பது பேராசை ஆகாது என்பதைச் சூசனின் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தது. அடுத்த முறை எங்கள் அணிக்கு அழைப்பு வரும்போது, போக்குவரத்துச் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்பது என நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். சிறு தொடக்கந்தான், ஆனாலும் தொடக்கம்.

இந்த வரலாற்றை ஒரு மாலை அப்பத்தாவுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் கடைசிக் காலத்திலாவது நன்றாக இருந்தாளா என்று கேட்டார். முப்பத்தொன்பது வயதிலேயே போய்விட்டார் என்றேன். அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. சோறு போடுமா என்ற கேள்வியை அவர் இன்னும் விட்டுவிடவில்லை. ஆனால் மறுநாள் மாலை நான் ஆடிக் களைத்து வந்தபோது, கேள்விக்கு முன்னதாகவே ஒரு தட்டில் சோறு வந்தது.